கடைக்காரி மட்டும் எழுந்திருக்கவில்லை

"இதுக்குப் பேரு ஆராய்ச்சி இல்லை ஹிமெனா. கட்டுக்கதை."

பேராசிரியை லெட்டீசியா தாள்களை மேஜைமேல் போட்டார். ஹிமெனாவின் உளவியல் பட்டமே அந்தத் தாள்களில்தான் இருந்தது.

"சத்தியமா நான் எண்ணினதுதான் மேடம்."

"நூறு பேர்ல தொண்ணூத்தாறு பேர் ஓடி வந்து உதவினாங்களா? இருபத்தஞ்சு வருஷமா இதே வேலையா இருக்கேன், பாதிக்கு மேல நான் பார்த்ததில்லை. வீட்டுல உக்காந்து மாத்தே டீ குடிச்சுக்கிட்டே கட்டத்தை நிரப்பிட்டியா?"

சோதனை எளிமையானதுதான். ஹிமெனாவின் வகுப்புத் தோழன் துலியோ காகிதப் பையோடு தெருவில் நடப்பான். பை கை நழுவி, ஆரஞ்சுப் பழங்கள் நாலா பக்கமும் உருளும். வழியில் போகிறவர் குனிந்து பொறுக்கித் தந்தால் ஒரு கட்டத்தில் கோடு. கண்டும் காணாமல் போனால் அடுத்த கட்டத்தில். எதிர் பெஞ்சில் உட்கார்ந்து எண்ணுவது ஹிமெனா. மூன்று வாரம், தினமும் ஐந்து முறை.

"ஓரத்துல என்னமோ கிறுக்கியிருக்கியே?" பேராசிரியை கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். "'பெட்டிக்கடைக்காரி. ஒரு நாள்கூட எழுந்திருக்கவில்லை. கல்நெஞ்சுக்காரி.'"

"ஆமா மேடம். காலடியில வந்து பழம் நின்னாலும் அசைய மாட்டா. தெருவே ஓடி வருது, அவ மட்டும் ரேடியோ கேட்டுக்கிட்டு உக்காந்திருப்பா."

"நாளைக்கு நானே வர்றேன். பொய்னு தெரிஞ்சா மேலிடத்துக்கு எழுதிடுவேன். பட்டத்தை மறந்துட வேண்டியதுதான்."

மறுநாள் பத்து மணி. துலியோ வந்தான். பை நழுவியது.

கறிக்கடைக்காரர் கத்தியை வைத்துவிட்டு ஓடி வந்தார். இரண்டு டீச்சர்கள் வந்தார்கள், ஒரு தபால்காரர் வந்தார். பஸ்ஸுக்கு நின்ற பெண் பஸ்ஸை விட்டுவிட்டு வந்தாள். பழங்களைப் பொறுக்கிப் பையில் போட்டு, துலியோவை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கலைந்துபோனார்கள்.

பெட்டிக்கடைக்காரி இருந்த இடத்திலேயே இருந்தாள்.

ஹிமெனாவுக்கு மூச்சு வந்தது. பேராசிரியையின் முகம் மட்டும் இறுகியது.

"ஆள் செட் பண்ணியிருக்கே."

"ஐயோ, இல்லை மேடம்."

"மூணு வாரமும் இதே மூலைதானா? தெருவை மாத்தவே இல்லையா?"

"இந்த பெஞ்சுலதான் மேடம் நிழல் இருந்துச்சு."

பேராசிரியை தலையில் அடித்துக்கொள்ளாத குறை. விறுவிறுவென்று பெட்டிக்கடைக்கு நடந்தார். ஹிமெனாவும் பின்னாலேயே ஓடினாள்.

"அந்தப் பையன் பையைப் போட்டா ஏங்க இத்தனை பேர் ஓடி வர்றாங்க?"

"மெதுவா பேசும்மா, அவன் காதுல விழுந்துடப் போகுது." கடைக்காரி நேலிதா ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினாள். "பாவம், இந்த வயசுல கை நடுக்கம். ஒரு நாளைக்கு அஞ்சு தடவை கீழே போடறான். ஆனாலும் பழம் வாங்கறதை விடலை பாரு, வைராக்கியக்காரன்."

"நீங்க மட்டும் எழுந்திருக்கிறதே இல்லையே?" ஹிமெனாவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"கேக்கறது யாரு பாரு. மூணு வாரமா எதிர் பெஞ்சுல உக்காந்து என்னமோ எழுதிக்கிட்டிருக்கியே, உனக்கு முட்டி நல்லாத்தானே இருக்கு? ஒரு நாள் எழுந்து வந்தியா?"

ஹிமெனாவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"எனக்கு ரெண்டு முட்டியும் போச்சு. குனிஞ்சா நிமிர முடியாது. வாய்தான் மிச்சம். கடைக்கு வர்றவங்க எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன். பத்து மணிக்கு மேல இந்தப் பக்கமா வாங்க, அவனை ஒத்தையா பொறுக்க விடாதீங்க, கையை மட்டும் உத்துப் பார்த்துடாதீங்கன்னு."

பேராசிரியை ஹிமெனாவின் பக்கம் திரும்பினார்.

"மொத்தக் கணக்கும் குப்பைக்கு. வேற வேற தெருவுல, வேற ஆளை வச்சு மறுபடி செய்யணும்," என்றார் தாழ்ந்த குரலில். "ஆனா நீ பொய் சொல்லலை. அப்படிச் சொன்னது என் தப்பு. இப்ப விதி ஞாபகம் இருக்கா?"

இருந்தது. சோதனை முடிந்ததும் அதில் மாட்டியவர்களிடம் உண்மையைச் சொல்லியாக வேண்டும்.

ஹிமெனா தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள். நோயெல்லாம் இல்லை, யார் உதவுகிறார்கள் என்று பார்க்கத்தான் வேண்டுமென்றே பையைப் போட்டோம், அத்தனையும் நடிப்பு. சொல்லிவிட்டு, வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராக நின்றாள்.

நேலிதா அவளையே பார்த்தாள்.

"என்னைத் தேத்தறதுக்காகச் சொல்லலையே?"

"சத்தியமா இல்லைம்மா."

"அப்போ அவன் கை நல்லா இருக்கா?"

"நல்லா இருக்கு."

மூன்று வாரத்தில் முதல்முறையாக நேலிதா எழுந்தாள். கடைப் பலகையைப் பிடித்து நிமிர்ந்து, காலை இழுத்து இழுத்துத் தெருவைத் தாண்டினாள். பெஞ்சருகே நின்ற துலியோவின் இரண்டு கைகளையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு கறிக்கடைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"ரூபன், எல்லார்கிட்டயும் சொல்லிடுப்பா. பையனுக்கு ஒண்ணும் இல்லையாம்."