மிஷின் விட்ட மூலை

"ஐயோ, அத நிப்பாட்டு நிரஞ்சனி! வேன் இன்னும் சந்தியக்கூடத் தாண்டியிருக்காது!"

அழகம்மா போட்ட சத்தத்தில், மகன் சசிக்குமாரை வழியனுப்ப வந்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு ராசம்மா அப்படியே திரும்பிவிட்டாள்.

முன் அறையில், தோசைக்கல் அளவில் இருந்த அந்தத் தரை கூட்டுற மிஷின் சுவரோரத்திலிருந்து கிளம்பி உறுமிக்கொண்டு வந்தது. மகனின் சப்பாத்திலிருந்து உதிர்ந்த செம்மண் தரையெங்கும் கிடந்தது. மிஷின் நேரே அதன் மேல்தான் ஏறியது.

"நிப்பாட்டு புள்ள!"

"டைம் வச்சா அதுபாட்டுக்கு ஓடும் அத்தை." மருமகள் நிரஞ்சனி போனைத் தடவிக்கொண்டே சொன்னாள். "நிக்க மாட்டேங்குது."

"மிஷினுக்கு என்னத்தத் தெரியும், நல்லது கெட்டது?" ராசம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "பயணம் போனவங்க போய்ச் சேர்ற வரைக்கும் வெளக்கமாத்தத் தொடக்கூடாதுக்கா. பொணம் எடுத்த வீட்டத்தான் கையோட கூட்டுவாங்க. போனவங்க திரும்பி வந்துடக் கூடாதுன்னு..."

"வாய மூடு ராசம்மா!"

அழகம்மா அதட்டினாள். ஒரே மகன். புருஷன் போன பிறகு மிளகுத் தோட்டத்தில் நாயாய் உழைத்து ஆளாக்கிய பிள்ளை. இரண்டு வருஷ விசாவில் கத்தாருக்குப் போகிறான். வேன் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி இப்போதுதான் அனுப்பினாள். அதற்குள் அவன் காலடி மண்ணை இந்தச் சனியன் தின்றுகொண்டிருக்கிறது!

குனிந்து பிடிக்கப் பார்த்தாள். வலது மணிக்கட்டு ஒத்துழைக்கவில்லை. மிஷின் நழுவி உட்காரும் வாங்குக்கு அடியில் போய்விட்டது.

"பாத்துக்கா! கை இன்னும் சொகமாகலயா?"

"எங்கிட்டுச் சொகமாகுறது? தீபாவளியன்னைக்குப் பாத்ரூம்ல வழுக்கினதுலேருந்து இப்படித்தான். வெளக்கமாத்தப் புடிச்சா விரல் மூட மாட்டேங்குது. அதுக்குத்தானே இவ இத வாங்கிப் போட்டா."

"நல்லாத்தான் கூட்டுதா?" இந்த நேரத்திலும் ராசம்மாவுக்கு அதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"நடுவுல பளிச்சுன்னு ஆக்கிடும். முடி, மாவு, மண்ணு எல்லாத்தையும் இழுத்துக்கும். கட்டிலுக்கு அடியில நம்ம கை போகாத எடத்துக்கெல்லாம் போகும். மூலைதான் ஆகாது. வட்டமா இருக்கில்ல, உள்ள நுழையாது. மூலையில கெடக்கிறது கெடந்தபடிதான் கெடக்கும்." சொல்லும்போதே அழகம்மாவுக்கு அழுகை முட்டியது. "எம்புள்ள நல்லபடியாப் போய்ச் சேரணும் ராசம்மா."

"மனசப் போட்டு ஒழப்பாதீங்க. இந்த விசா கெடைக்கணும்னு எத்தன வெள்ளிக்கெழம வெரதம் இருந்தீங்க! மாரியாத்தா கைவிட மாட்டா."

ராசம்மா போய்விட்டாள். மிஷின் அறை முழுவதையும் முடித்துவிட்டு, தன் இடத்தில் போய் ஒட்டிக்கொண்டு அடங்கியது. தரை வெறிச்சென்று கிடந்தது. சசிக்குமார் என்று ஒருவன் இந்த வீட்டில் நடமாடிய சுவடே இல்லை. அழகம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள். மூன்று மணி ஆகியிருந்தது.

"ஏன் புள்ள, இது காலையில பத்து மணிக்குத்தானே ஓடும்? இன்னைக்கும் ஓடுச்சே. மறுபடி எதுக்கு ஓடுது?"

நிரஞ்சனி போனை மேசையில் வைத்தாள்.

"ஒன்னத்தான் கேக்குறேன்."

"நான்தான் டைம் வச்சேன் அத்தை." தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "வேன் ரெண்டரைக்கு வருதுன்னு நேத்தே சொன்னாரு. அதுக்குப் பத்து நிமிஷம் தள்ளி வச்சேன்."

"எதுக்கு?"

"ராசம்மா அக்கா சொன்னாங்கல்ல... அதுக்குத்தான்."

"அடிப்பாவி!"

 அழகம்மா தன் தலையிலேயே அடித்துக்கொள்ளக் கையைத் தூக்கினாள். தூக்கியதுதான் தாமதம், நிரஞ்சனி இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு, கதவு மூலைக்குள் போய் ஒடுங்கி உட்கார்ந்துவிட்டாள்.

தூக்கிய கை அப்படியே நின்றது.

அந்த மூலையில், மருமகளின் காலடியில், பச்சைக் கண்ணாடி வளையல் துண்டுகள் கிடந்தன. காலையில் உடைந்தவை. மிஷின் இரண்டு தடவை ஓடியும் எட்டாதவை. அவை எப்படி உடைந்தன என்று அழகம்மா யாரையும் கேட்க வேண்டியதில்லை. அடுப்படியில் நின்று, சத்தத்தையெல்லாம் கேட்டுக்கொண்டே, பயணச் சோற்றைக் கட்டிக்கொண்டிருந்தவள் அவள்தான்.

வேன் போன பாதையை ஜன்னல் வழியாகக் கொஞ்ச நேரம் பார்த்தாள். 

"எந்திரி புள்ள, கண்ணாடி குத்திரும்" என்றாள்.

பின்பக்கம் போய், மாதக்கணக்கில் தொடாத விளக்குமாற்றை எடுத்து வந்தாள். மருமகளுக்கு விழுந்த அடிக்குக் குறுக்கே விழுந்து தடுத்ததற்காகத் தீபாவளியன்று மகன் முறுக்கி ஒடித்த அந்த வலது கையின் விரல்களை, இடது கையால் ஒவ்வொன்றாக மடக்கிப் பிடியில் வைத்து, மிஷின் விட்ட மூலையிலிருந்து வாசற்படி தாண்டித் தெரு வரைக்கும் கூட்டித் தள்ளிவிட்டுத்தான் அழகம்மா நிமிர்ந்தாள்.