வெட்ட மனசு வரல

அண்ணியின் பிறந்தநாளுக்கென்று அவருடைய தங்கை ஒரு கேக்கைக் கொடுத்துவிட்டுப் போய்ப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. அவர் மனைவி தன் க்ரீம் பைகளையும் பூப்போடும் குழல்களையும் ஒரு பெட்டியில் போட்டு மூட ஆரம்பித்துவிட்டாள்.

“இதெல்லாம் எங்க போகுது?”

“கேக் கிளாஸ் எடுக்கிறவங்களுக்குக் குடுத்துடப் போறேன். இனிமே நான் கேக்ல பூப்போடறதா இல்ல.”

அவருக்குச் சிரிப்பு வந்தது. மேஜைமேல் இருந்த ரோஜாப்பூ கேக்கை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

“யாரோ உன்னைவிட நல்லாப் பண்ணிட்டாங்கன்னா நீ கடையைக் கட்டிடணுமா? உள்ளதைச் சொல்றேன், உன் ரோஜா இவ்ளோ எடுப்பா இருந்ததில்ல. அதனால என்ன, பழகப் பழக வரும்.”

அவள் கேக்கை அடி அட்டையோடு தூக்கிப் பிடித்தாள்.

“கீழ பாருங்க.”

குனிந்து பார்த்தார். வெள்ளித்தாள் கிழிந்த இடத்தில் பாதி மின்விசிறிப் படம் தெரிந்தது. போன வாரம் வாங்கிய மின்விசிறியின் பெட்டி. அதை வட்டமாக வெட்டிக் கொடுத்ததே அவர்தான்.

“முந்தாநாள் மாடி வீட்டம்மாவுக்கு நான் பண்ணிக் குடுத்தது. இவ்ளோ அழகை வெட்ட மனசே வரலன்னாங்க. அவங்ககிட்டருந்து உங்க தங்கச்சி வரைக்கும் ஒருத்தருக்கும் மனசு வரல போல. ஊரைச் சுத்திட்டு வீட்டுக்கே வந்துடுச்சு.”



அவள் கத்தியை எடுத்து, இருப்பதிலேயே பெரிய ரோஜாவின் நடுவில் இறக்கினாள். அவருக்கு ஒரு துண்டு கொடுத்துவிட்டுத் தானும் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டாள்.

“இத்தனை வருஷமா எல்லாரும் அழகா இருக்குன்னாங்க,” என்றாள் மென்றுகொண்டே. “சர்க்கரை ஜாஸ்தின்னு ஒருத்தர்கூடச் சொல்லல பாருங்க.”