வாசலில் கட்டிய பூவன்

நீடாமங்கலத்துக் கல்யாண மண்டபத்தின் வாசலில் இருபுறமும் குலையோடு வாழை மரங்கள் நிற்கின்றன. காலை வெயில் அவற்றின் இலைகளுக்குள் நுழைந்து பச்சையாக இறங்குகிறது. மாப்பிள்ளை வீட்டு வேன் தெருமுனையில் ஹார்ன் அடிக்கிறது. பன்னீர்ச் செம்பை எடுத்த ரெஜினாவின் மணிக்கட்டை அவள் நாத்தனார் லில்லி புஷ்பம் பிடித்துக்கொள்கிறாள். "நீ உள்ள போம்மா. புள்ள பெத்தவங்க வாசல்ல நிக்கட்டும். எம்பொண்ணு வாழையடி வாழையா தழைக்கணும்." பந்தியில் இலை போடுகிறவர்கள்கூடத் திரும்பிப் பார்க்கிறார்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மஸ்கட்டிலிருந்து முப்பது நாள் லீவில் வந்து போகும் ரெஜினாவின் கணவன், அக்கா பேசியது காதில் விழாதவனைப் போல வாட்சைத் திருகிக்கொண்டிருக்கிறான்.

ரெஜினா செம்பை விடவில்லை. பன்னிரண்டு வருடமாகக் கல்லூரியில் தாவரவியல் நடத்துகிற குரல் அவளுக்கு. கடைசி பெஞ்சுவரை கேட்கும். குலையில் பழுத்திருக்கும் ஒற்றைப் பூவன் பழத்தை மறு கையால் பறித்து, விரல்களாலேயே பிளந்து, நாத்தனாரின் மூக்குக்கு நேரே நீட்டுகிறாள். நடுவில் கடுகைவிடச் சிறிய கறுப்புப் புள்ளிகள் மட்டும் தெரிகின்றன. "இதுல விதை எங்க இருக்குன்னு காட்டுங்க அண்ணி. குரோமோசோம் ரெண்டு ரெண்டா இருந்தாத்தான் ஜோடி சேரும், விதை பிடிக்கும். இந்த வாழைக்கு எல்லாமே மும்மூணு. ஜோடி சேராது. ஜென்மத்துக்கும் இது ஒரு விதை பெத்ததில்ல." வேன் வந்து நின்று கதவு திறக்கிறது. லில்லி புஷ்பத்தின் பிடி தளர்கிறது. "முதல்ல வாசல்ல கட்டின இந்த வாழைய அவுத்து உள்ள அனுப்புங்க. பின்னாடியே நானும் போறேன்."