அழிக்க வேண்டிய பாட்டுகள்

பிளேயரில் பச்சை விளக்கு எரிந்தது. கம்ப்யூட்டரோ அப்படி ஒன்று தன்னிடம் வந்து சேர்ந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

அவள் ஒயரைப் பிடுங்கி மறுபடியும் சொருகினாள். முன்பக்கத் துளைதான் சரியில்லை போலிருக்கிறது என்று மேசைக்கு அடியில் புகுந்து பின்பக்கத் துளையில் சொருகினாள். எழும்போது விளிம்பில் மண்டை இடித்தது. அந்த வலிக்கும் சேர்த்துப் புருஷனைத் திட்டினாள்.

தீப்பெட்டி அளவுதான் அந்த எம்பி3 பிளேயர். அதிலிருக்கும் பாட்டில் ஒன்றைக்கூட மிச்சம் வைக்காமல் அழித்துவிடுவது என்று உட்கார்ந்திருந்தாள்.

புருஷன் லிஃப்ட் மெக்கானிக். பாதிச் சாப்பாட்டில் போன் வந்தது. ஏதோ கட்டடத்தில் ஆட்கள் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறார்களாம். கை கழுவிய ஈரத்தோடு ஓடினான். பிளேயர் சாப்பாட்டு மேசையிலேயே கிடந்தது.

அவன் காதை விட்டு அது இறங்கி அவள் பார்த்ததே அபூர்வம். வேலை முடிந்து வருவான். கருவிப் பையை ஆணியில் மாட்டுவான். இரண்டு காதிலும் இயர்போனைச் செருகிக்கொண்டு சோபாவில் சாய்ந்துவிடுவான். அதற்குமேல் அவள் சுவரோடுதான் பேச வேண்டும்.

அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். நாள் முழுக்க பிரேக், பிரேக் என்று தொண்டை வறளக் கத்திவிட்டு வருகிறவளுக்கு வீட்டில் ஒரு 'ம்' கூடக் கிடைப்பதில்லை.

அவள் அம்மா படுத்த படுக்கையானபோதும் இப்படித்தான். இங்கே கூட்டிவந்து வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவன் வாயைப் பார்த்துக்கொண்டு இவள் நிற்க, அக்கா வீட்டிலேயே அம்மா போய்ச் சேர்ந்தாள்.

எல்லாம் முடிந்து வீடு திரும்பிய வாரம்தான் அவன் இந்தப் பிளேயரை வாங்கி வந்தான். நான் அழுகிற சத்தம் இந்த ஆளுக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று அவள் அன்றைக்கே முடிவுகட்டிவிட்டாள்.

கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள். இணையத்தில் ஒருவன், ரொம்ப ஈஸி நண்பர்களே என்று சிரித்துக்கொண்டே சொல்லிக்கொடுத்தான். அவன் சொன்னதையெல்லாம் செய்தாள். அதே பச்சை விளக்கு. அதே வெறும் திரை. கீழ் வீட்டில் போய் ஓர் ஒயர் கேட்டு வாங்கி வந்தாள். முனை பொருந்தவில்லை.

"சனியன், அழியக்கூட மாட்டேங்குது."

கடைசியில் அலமாரியின் அடித்தட்டில் பழைய கேமராவின் டப்பா அகப்பட்டது. உள்ளே ஒரு தடித்த ஒயர் சுருண்டு கிடந்தது. அதைச் சொருகியதும் கம்ப்யூட்டர் டிங் என்றது. அவன் இத்தனை நாளும் வைத்திருந்தது சார்ஜ் மட்டும் ஏற்றுகிற ஒயர் போலிருக்கிறது.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்து பிளேயரைத் திரையில் திறந்தாள்.

உள்ளே ஒன்றுமில்லை.

எங்காவது ஒளித்து வைத்திருப்பானோ என்று அதையும் தேடினாள். கடையிலிருந்து வந்த அன்று எவ்வளவு காலியாக இருந்ததோ அவ்வளவு காலி. இயர்போனைத் தன் காதில் செருகிப் பொத்தானை அழுத்தினாள். பாட்டு வரவில்லை. ரேடியோகூட இல்லாத மலிவு ரகம் அது. அடுத்த அறையில் ஃபேன் சுற்றுகிற சத்தம் நன்றாகக் கேட்டது.

முதலில் அவளுக்குப் பிடிபடவில்லை. பிடிபட்டபோது காது மடல் சுட்டது.

அத்தனையும் கேட்டிருக்கிறான்.

அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து அக்காவுக்குப் போன் போட்டு, மரக்கட்டையோடு குடும்பம் நடத்துகிறேன் என்று சொன்னதை. அக்கா ஊர் டிரைவிங் ஸ்கூலில் தனக்கு வேலை பேசி முடித்ததை. மாதக் கடைசியில் கிளம்பிவிடுவேன், இவருக்குத் தெரியாது, தெரிந்தாலும் திரும்பிப் பார்க்கமாட்டார் என்றதை. பெரிய பெட்டியின் சக்கரம் ஒன்று உடைந்து கிடக்கிறது, துணிமணியை எதில் அள்ளிக்கொண்டு வருவது என்று புலம்பியதைக்கூட.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கண்ணை மூடிச் சாய்ந்திருந்தான். தினமும் ராத்திரி அந்தக் காலி டப்பாவுக்கு ஒழுங்காகச் சார்ஜ் வேறு போட்டிருக்கிறான். ஏன் போகிறாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. மாதக் கடைசி எதற்கு, இன்றைக்கே போகிறேன் என்று படுக்கையறைக்குப் போனாள். கட்டிலுக்கு அடியில் கையை விட்டுப் பெட்டியைப் பலம் கொண்ட மட்டும் இழுத்தாள்.

அது சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்து அவள் முழங்காலில் மோதியது.

குப்புறக் கவிழ்த்துப் பார்த்தாள். நான்கு சக்கரங்களும் இருந்தன. மூன்று பழையவை. நான்காவது, ரப்பர் சுற்றிய சின்ன உருளை. லிஃப்ட் கதவுக்குப் போடுகிற ரகம். பெட்டியின் அளவுக்குத் தோதாக ராவி, எண்ணெய் விட்டு, கச்சிதமாக முடுக்கியிருந்தது.

வாசலில் சாவி திரும்பியது.

அவள் பெட்டியை அப்படியே கூடத்துக்கு உருட்டிக்கொண்டு போனாள். அவன் விரல்களில் கிரீஸ் அப்பியிருந்தது. பெட்டியைப் பார்த்தான். கம்ப்யூட்டரில் சொருகிக் கிடந்த பிளேயரைப் பார்த்தான்.

"போகாதன்னு சொல்ல உங்களுக்கு வாய் வரல. சக்கரம் போட மட்டும் கை வருதா?"

கீழ் வீடு வரைக்கும் கேட்டிருக்கும். அவன் கருவிப் பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை. அவளை நிமிர்ந்து பார்க்கவும் இல்லை. சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றவன் ஒருவழியாக வாயைத் திறந்தான்.

"நல்லா உருளுதா?"