இரண்டு தட்டு

ஏலத்தில் எடுத்த பழைய ராணுவ லாரிதான், மனைவி போன பிறகு வாத்தியாருக்கு உலகம். பச்சைப் பெயிண்ட் அடித்தாயிற்று. தார்ப்பாய் போட்டாயிற்று. பின்னால் சிப்பாய்கள் உட்காரும் பலகைகளையும் இழைத்து மாட்டியாயிற்று. குறை ஒன்றுதான். பின்கதவைத் திறந்து வைத்தால் போதும், காலி வண்டி கொஞ்சம் கொஞ்சமாகப் பின்பக்கம் அமுங்கும்.

"பட்டை போயிருக்கும் சார்," என்று மெக்கானிக் எடையைத் தாங்கும் கமான் பட்டையைப் புதிதாக மாட்டிவிட்டுப் போனார். அதன் பிறகும் அமுங்கியது. அமுங்கி நின்றதும் கேபின் சுவரில் இரண்டு தட்டு கேட்கும். எல்லாரும் ஏறியாச்சு, வண்டியை எடு என்று பின்னால் இருப்பவர்கள் டிரைவருக்குச் சொல்லும் தட்டு. வாத்தியாரும் பின்கதவைச் சாத்தி, ஊரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து மறுபடி திறந்துவிடுவார். வண்டி நிமிர்ந்துகொள்ளும்.

ஞாயிற்றுக்கிழமை மகள் போனில் பிடிபிடியென்று பிடித்தாள். "அந்த ஓட்டை லாரியை வித்துத் தொலைச்சிட்டு இங்க வந்துடுங்கப்பா. தனியா உக்காந்து என்னதான் பண்றீங்க?"

"தனியா எங்கம்மா இருக்கேன்?" என்றார்.

அன்று மாலையும் வண்டி அமுங்கியது. வாத்தியார் முன்னால் போகவில்லை. தார்ப்பாயை விலக்கிப் பின்பக்கமாக ஏறினார். பலகைகளில் யாருமில்லை. "கொஞ்சம் வழி விடுங்கப்பா," என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய், கேபினை ஒட்டிய மூலையில் ஒடுங்கி உட்கார்ந்தார். சட்டைப்பையில் சாவி உறுத்தியது.

கேபின் சுவரில் இரண்டு தட்டு தட்டினார்.

வண்டி கிளம்பியது.