ஓயாத மணி

எங்கள் மெதடிஸ்த சபையின் வரலாற்றை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. நாளை அச்சுக்குப் போகிறது. அட்டையில் வரப்போவது என் பெயர்.

“போர் நேரம் நாங்கள் எல்லாரும் மடு அகதி முகாமுக்கு ஓடிட்டம். எண்டாலும் கோயில் மணி ஒரு ஞாயிறும் ஓயேல்லை. அதை எழுதுங்கோ தம்பி,” என்றார் சபைச் செயலாளர் ஜெபநேசன்.

“அப்ப அடிச்சது ஆர் ஐயா?”

“விசுவாசம்!”

எதையும் இருவரிடம் கேட்டு எழுது என்பது நான் போகும் இதழியல் மாலை வகுப்பில் படித்த பாடம். கோயிலுக்குப் பக்கத்து வயல்காரர் கந்தவனத்திடம் கேட்டேன்.

“வயல் காவலுக்கு நிண்ட நான்தான். மாடுகள் கோயிலுக்குள்ள வந்து படுத்திடும். மணி அடிச்சுத்தான் கலைச்சனான்.”

“ஞாயிறிலயோ?”

“மாட்டுக்கு ஞாயிறு தெரியுமே? ஒவ்வொரு நாளும்தான்.”

செயலாளரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் பேனையை என்னிடம் நீட்டினார்.

“அப்ப, தினமும் ஆராதனை நடந்தது எண்டு திருத்துங்கோ.”