முப்பது வருஷத் துரு

"வினிகர் தீந்துபோச்சு. யாராவது எடுத்தாந்தா ஆவும்" என்றான் ரெக்ஸ், கையிலிருந்த துப்பாக்கியைப் பார்த்து.

"யாராவது அலமாரியத் தொறந்து பாத்தா இன்னொரு பாட்டில் இருக்கும்" என்றாள் ஜெர்லின், கிரைண்டரைப் பார்த்து.

அரியாங்குப்பத்து வீட்டில் கணவனும் மனைவியும் ஒரு மாதமாக இப்படித்தான் பேசிக்கொண்டார்கள். வேலைக்குப் பக்கமாக இருக்கட்டும் என்று சேதராப்பட்டில் அவளைக் கேட்காமலே ஒரு வீடு பார்த்துவிட்டான் ரெக்ஸ். அப்பாவைத் தனியாக விட்டுவிட்டு வரமாட்டேன் என்றாள் அவள். அப்படியானால் ஆகஸ்ட் ஒண்ணாம் தேதி நான் மட்டும் போகிறேன் என்றான் அவன். அன்றோடு நின்றது நேர்ப் பேச்சு.

அந்த நேரம் பார்த்து வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள். ஹால் சுவரில் தொங்கிய துப்பாக்கியைக் கழற்றிப் பழைய பேப்பர் பெட்டியில் வைத்தது ரெக்ஸ். உள்ளே பார்க்காமல் பெட்டியைப் பேப்பர்காரரிடம் போட்டது ஜெர்லின்.

சுடாத துப்பாக்கிதான், வெறும் மாதிரி. ஜெர்லினின் அப்பா யூஜின் முப்பது வருஷத்துக்கு முன் பிரெஞ்சு ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றபோது கூட இருந்தவர்கள் வாங்கித் தந்தது. அவர்களில் இப்போது ஒருவரும் உயிரோடு இல்லை. பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை பதினாலாம் தேதி யூஜின் மெடல்களைக் குத்திக்கொண்டு கடற்கரைச் சாலை அணிவகுப்புக்குப் போய்வருவார். வந்ததும் அந்தத் துப்பாக்கியை மேசையில் எதிரே வைத்துக்கொண்டு, பேசாமல் ஒரு சின்ன கிளாஸ் ஒயின் குடிப்பார். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் அவருக்கு.

பேப்பர்காரர் கையை விரித்துவிட்டார். அதே மாதிரியில் ஒன்று ஆன்லைனில் கிடைத்தது. ஆனால் அது கறுகறுவென்று, நேற்றுப் பிறந்ததுபோல் மின்னியது.

"சுவரு காயட்டும்னு துப்பாக்கிய அலமாரியில வச்சிருக்கோம் மாமா" என்று சொல்லிவைத்திருந்தான் ரெக்ஸ்.

"காயட்டும், காயட்டும்" என்றார் யூஜின், செருப்பை மாட்டிக்கொண்டே. "பதினாலுக்குள்ள மாட்டிடு. எந்த எடம்னு மறந்துட்டா கல்யாண போட்டோவப் பாரு மாப்ள. அதுல உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல தொங்கும். நான் பாலம் வரைக்கும் நடந்துட்டு வரேன்."

சாயங்காலமானால் அவர் நடக்கப் போய்விடுவது இவர்களுக்கு வசதியாக இருந்தது.

அதைப் பார்த்துப் புதியதைப் பழசாக்க, கல்யாண போட்டோ சமையலறைக்கு வந்தது. ரெக்ஸ் உப்புத்தாளால் துப்பாக்கியின் விளிம்புகளைத் தேய்த்தான்.

"எல்லா எடத்தையும் ஒரே மாதிரி தேய்ச்சா பொய்யின்னு தெரிஞ்சிடும்" என்றாள் ஜெர்லின், போட்டோவிடம். "வாரா வாரம் தொடச்சவளுக்குத் தெரியும். பிடியில எடது பக்கம் வெளுத்திருக்கும். குழா நுனியில மட்டும் துரு."

"இது பழசு மாதிரி இரும்பில்ல, துத்தநாகக் கலவை. எத்தினி வருஷம் போட்டாலும் துரு ஏறாது." அவன் வேலை பார்ப்பது முலாம் பூசும் கம்பெனியில். "துருப் பிடிக்காம பாத்துக்கத்தான் எனக்கு சம்பளம் தரான். இங்க வந்து துருவுக்கு அலையுறேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கிரைண்டர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் அவன் வந்தபோது, துருவேறிய கம்பி நார் ஒரு கிண்ணம் வினிகரில் ஊறிக்கொண்டிருந்தது. தண்ணீர் செங்காவி நிறத்துக்கு வந்திருந்தது. அவன் அதைத் துணியில் தொட்டுத் துப்பாக்கியில் ஒற்றினான், மாடியில் காயவைத்தான், துடைத்தான், மறுபடி ஒற்றினான்.

"இங்க இன்னும் கொஞ்சம்."

"இங்கயா?"

"அங்க இல்ல. குடுங்க இப்டி."

குடுங்க என்று அவனிடமே சொல்லிவிட்டதை இருவரும் கவனிக்காததுபோல் இருந்தார்கள்.

"இந்த போட்டோவுல ஏன் இப்டி முழிக்கிறீங்க?" என்றாள் அவள்.

"துப்பாக்கிய மறைக்காம நில்லுங்கறான் போட்டோக்காரன். அவன் பின்னாடி நின்னுகிட்டு ஒங்கப்பா மொறைக்கறாரு. வேற எப்டி முழிக்கிறது?"

இந்த முறை அவள் திரும்பிக்கொள்ளவில்லை. சிரித்து முடித்த பிறகு சொன்னாள்: "நாம போயிட்டா அவரு இதத்தான் பாத்துகிட்டு ஒக்காந்திருப்பாரு."

ரெக்ஸ் துப்பாக்கிக்குத் தேங்காயெண்ணெய் தடவினான். தடவிய இடத்தையே திரும்பத் தடவினான்.

"அந்த வீடு வேணாம்னு நாளைக்குச் சொல்லிடறேன்."

"பஸ்ஸுல அலையணுமே."

"இத்தினி நாள் அலையல?"

பதினாலாம் தேதி யூஜின் மெடல்களோடு வீடு திரும்பினார். சுவரிலிருந்து துப்பாக்கியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினார். பிடியின் இடது பக்கம் கட்டைவிரலை வைத்தார். பின்னால் நின்ற ஜெர்லின், ரெக்ஸின் சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"லேசா ஊறுகா வாசம் வருது" என்றார்.

"சுவத்துல அடிச்ச பெயின்ட் மாமா."

"அதானே." மறுபடி பார்த்தார். "அப்டியே இருக்கு. மெர்சி, மாப்ள" என்று பிரெஞ்சில் நன்றி சொன்னார்.

ஒயினைக் குடித்துவிட்டு, உடை மாற்றத் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். வெளியே மகளும் மருமகனும் ஒரே நேரத்தில் பேசிச் சிரிப்பது கேட்டது. மெடல்களைக் கழற்றி வைக்க டிரங்குப் பெட்டியைத் திறந்தார்.

பழைய யூனிஃபார்முக்கு அடியில், வெள்ளையடித்த அன்று பேப்பர் பெட்டியிலிருந்து அவரே எடுத்து ஒளித்த துப்பாக்கி, சுற்றிய பேப்பர் கலையாமல் இருந்தது.

அதன் மேல் இரண்டு மெடல்களையும் வைத்துத் தடவிப் பார்த்தார். இவங்க இன்னும் ரெண்டு சண்டை போட்டாலும் தாங்கும்.